இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

மூன்று வருஷத்துக்கு முந்தின சித்திரையில் என் வீட்டில் பேச்சே இல்லை. மகள் வள்ளியும் அவள் தம்பி செல்வமும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொத்தமங்கலம் பக்கம் எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு டிராக்டர் ஓட்டுவது முதல் மடை அடைப்பது வரை வள்ளிதான். செல்வம் கப்பல் வேலைக்குப் போகத் துடித்தான்.

“நீ ஊரு சுத்து. நான் இங்குட்டே சேத்துல கெடக்கேன்,” என்பாள்.

“உன்னைய யாரு கட்டிப் போட்டா?” என்பான்.

எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். நான் அஞ்சாவது படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். ஐயனாரிடம் மட்டும் அழுதேன், அவனைப் போகவிடாதே என்று.

கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க மூவரும் ஒத்துக்கொண்டோம். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துப் பிரிக்கும்போது சிவப்புப் பூ வந்தால் செல்வம் போகலாம், வெள்ளை வந்தால் இருக்க வேண்டும். பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்து மடித்துவிட்டேன்.

சன்னதியில் ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. செல்வம் சட்டைப் பையிலிருந்து கப்பல் படிப்பு விண்ணப்பத்தை எடுத்தான். கிழிக்கப் போகிறான் என்று தெரிந்தது. ஐயா, என் வாயைத் திறந்துவிடு என்று வேண்டினேன்.

“இன்னொண்ணையும் பிரிங்க,” என்றேன். என் குரலா என்று எனக்கே தெரியவில்லை.

பிரித்த பூசாரி, “ஐயனாரையே ஏமாத்தப் பாத்தீகளா ஆத்தா?” என்றார்.

வள்ளி சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. “அவனுக்காச்சும் பூக் கட்டுன. என்னைய யாரு கேட்டா? டிராக்டர் ஓட்டுறவளுக்கு லாரி எடுத்துக்கிட்டு வடக்க போகணும்னு இருக்காதா?”

“ஏன்க்கா சொல்லல?”

“நீதான் முந்திக்கிட்டியே.”

அங்கேயே பேசி முடித்தார்கள். ஒருவர் போனால் ஒருவர் வயலைப் பார்ப்பது. முதலில் செல்வம் போனான். அவன் கப்பலில் இருந்தபோது வள்ளி லைசென்ஸ் எடுத்தாள். இப்போது அவன் வயலில். அவள் லாரி நாக்பூர் தாண்டிவிட்டதாம். நாற்று ஏன் மஞ்சளாகிறது என்று காலையில் போனில் கேட்டு அக்காவிடம் திட்டு வாங்கினான்.

என் நெஞ்சு இன்னும் அமரவில்லை. போன் அடித்தால் பதறுகிறேன். ஆனால் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். எனக்குக் கேட்கத் தெரியாததை ஐயனார் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் கலக்கம் இருந்தால் அவர் முன்னால் போய் நில்லுங்கள். செய்த தப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். விரட்ட மாட்டார். என்னையே விரட்டவில்லை.