பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அவள் சின்னவள். முப்பத்தெட்டு வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அக்காவுக்கும் மாமாவுக்கும் சின்னவள்தான். தொழில், பல் கட்டுவது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கானில் வார்த்து, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிற மாதிரி செய்து அனுப்புவாள். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் அவளுடைய உயிர் முழுக்க சைக்கிளில் இருந்தது.

பெருநகரத்துக்கு வருவதற்கு முன் இருந்த சிறிய ஊரில், ஞாயிற்றுக்கிழமை எண்பது கிலோமீட்டர் மிதிக்காவிட்டால் அவளுக்கு அந்த வாரமே விடியாது. கூட ஏழெட்டுப் பேர் வருவார்கள். எதிர்காற்றில் முன்னால் போகிறவள் அவள்தான். அவள் வேலை பார்த்த அந்த ஊர்ப் பல் லேபை மூடிவிட்டார்கள். பெருநகரத்தில் ஒரு பெரிய லேப் கூப்பிட்டது. அக்காவும் அதே நகரத்தின் மறுகோடியில்தான் இருந்தாள்.

"சைக்கிளை வித்துட்டு வா. இங்க நடக்கவே இடம் கிடையாது" என்றாள் அக்கா போனில்.

"மாமாவை வித்துடுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"அவரை யாருடி வாங்குவா!"

சிரிப்போடு சிரிப்பாக அந்தப் பேச்சு முடிந்தது. சின்னவள் சைக்கிளோடுதான் வந்து இறங்கினாள்.

வாடகைக்குக் கிடைத்தது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் இல்லை. காலையிலும் மாலையிலும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐம்பத்திரண்டு படி. அறைக்குள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அதை நிறுத்தினால், குளியலறைக்கு ஒருக்களித்துத்தான் போகவேண்டும். முதல் வாரமே வீட்டுக்காரம்மா கீழே வழிமறித்தாள்.

"சுவரெல்லாம் கறுப்புக் கோடு. வாடகைக்கு வந்தது நீயா, உன் சைக்கிளா?"

சின்னவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஹேண்டில்பார் முனைகளில் பழைய காலுறைகளை மாட்டிவைத்தாள்.

சுவரைச் சமாளித்துவிடலாம். ரோட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. லேப் பதினொரு கிலோமீட்டர். பழைய ஊரில் அது ஒரு தூரமே இல்லை. இங்கே முதல் நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வேன்கள் முழங்கையை உரசிக்கொண்டு போயின. பின்னால் வந்தவன் ஒவ்வொருவனும் ஹாரனைக் காதுக்குள்ளேயே வைத்து அழுத்தினான். நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்து, நூலிழையில் தப்பினாள். லேபில் போய்ச் செதுக்கிய முதல் மெழுகுப் பல் கோணலாக வந்தது.

"பஸ்ஸுல வாம்மா" என்றார் லேப் பொறுப்பாளர். "ஊர்ல இருக்கிறவன் பல்லையெல்லாம் நாம கட்டிக் குடுக்கிறோம். உன் பல்லை ரோட்டுல விட்டுட்டு வந்துடாதே."

அவள் பஸ்ஸிலும் போய்ப் பார்த்தாள். நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியே சைக்கிள்காரர்களைப் பொறாமையோடு பார்த்தாள். நான்காம் நாள் மறுபடி சைக்கிளைத் தோளில் தூக்கினாள்.

மெல்ல மெல்ல நகரம் வசப்பட்டது. எந்தச் சந்து எங்கே போய் முடியும், எந்த சிக்னலில் எத்தனை நொடி, பள்ளிக்கூட வாசலில் எப்போது கூட்டம் கூடும் என்பதெல்லாம் அத்துப்படியாயிற்று. ஒன்றரை மணி நேரம் ஐம்பது நிமிடமாகச் சுருங்கியது. அது நாற்பத்தைந்தைத் தொடும் நாளில் அவளுக்குக் கால் தரையில் பாவாது. அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து கிடைத்தது என்பதும் அவளுக்குத் தெரியும். பஸ்கள் வரிசையாக நிற்கும் கடைவீதியில், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு சைக்கிள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். அதில் புகுந்து போவாள். ஆபத்து என்று தெரியாமல் இல்லை. ஆபத்து தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த ரோட்டில் எல்லோரும் தன்னை இடிக்க வருகிறவர்கள். தான் யாரை இடிக்கப்போகிறோம்?

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அது நடந்தது. முன்னால் இரண்டு பஸ்கள் நின்றதால், மூன்றாவதாக வந்த பஸ், நிறுத்தத்துக்கு முப்பது அடி முன்னாலேயே நின்றுவிட்டது. சின்னவள் இடைவெளிக்குள் புகுந்திருந்தாள். பஸ் கதவு மடங்கித் திறப்பதைப் பார்த்தாள். யாரும் இறங்குவதற்குள் தாண்டிவிடலாம் என்று பட்டது. பிரேக்கைப் பிடிக்கவில்லை. மிதித்தாள்.

துணிப்பையோடு ஒரு பெண் இறங்கினாள். அவ்வளவுதான். இருவரும் நடைபாதை விளிம்பில் கிடந்தார்கள். சின்னவளுக்கு இரண்டு முழங்காலும் சிராய்த்து ரத்தம். அந்தப் பெண்ணின் வலது மணிக்கட்டு பார்க்கவே முடியாத ஒரு கோணத்தில் மடங்கியிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ சைக்கிளை நிமிர்த்தி ஓரமாக நிறுத்தினார்கள். திட்டு மட்டும் டிரைவருக்கு.

"நடு ரோட்டுல நிறுத்தி இறக்கிவிடுறியே, அறிவிருக்கா? ரெண்டு பொம்பளைங்களைக் கொன்னுருப்பியே!"

டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "முன்னாடி வண்டி நிக்குதுங்க. எல்லாரும் கதவைத் திற, கதவைத் திறன்னாங்க..." என்று ஆரம்பித்தவரை யாரும் பேசவிடவில்லை. அவர் சின்னவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. கதவு திறந்தது தெரியலையா?"

சின்னவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், அதுவே அடிபட்டுக் கிடக்கு, அதைப் போய்க் கேட்கிறான் பாரு" என்று ஒரு குரல் அவளுக்காகப் பேசியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அந்தப் பெண் முடி திருத்துகிறவள். கடைவீதிக்குப் பின்னால் பெண்களுக்கான சின்னக் கடை வைத்திருந்தாள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே சின்னவளின் முழங்காலைப் பார்த்து, "உனக்கு ரொம்ப எரியுதா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வி சின்னவளைப் பதினைந்து நாள் தூங்கவிடவில்லை. பீங்கான் பல்லுக்கு நிறம் பார்க்கும்போதெல்லாம் அந்த மணிக்கட்டு கண்ணில் வந்து நின்றது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள்.

கடைக்காரி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாத்தனார் கத்தரியோடு ஒரு வாடிக்கையாளரின் தலையில் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"காதுகிட்ட பாத்து. அங்க இல்ல, இந்தப் பக்கம். ஐயோ, அதுக்குமேல வெட்டாதே!" என்று கத்திய கடைக்காரி, சின்னவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "வா, வா! கால் ஆறிடுச்சா? ஏன் பழமெல்லாம்? நீயும்தானே விழுந்தே."

சின்னவள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அந்த டிரைவரை விடலை நாங்க. புகார் எழுதிக் குடுத்துட்டோம். இவங்களால கையெழுத்துப் போட முடியலை, இடது கைப் பெருவிரலை உருட்டிக் குடுத்தாங்க. ஆளை வண்டியிலருந்து இறக்கிட்டாங்களாம். விசாரணை முடியற வரைக்கும் வேலை கிடையாது."

சின்னவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் அக்கா வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு இரு. யாரும் உன்னைக் கேட்கலையே. அவன் நிறுத்தத்துக்கு முன்னாடி திறந்தது தப்புதானே?"

"தப்புதான். ஆனா நான் பாத்தேன்க்கா. கதவு திறக்கிறதைப் பாத்துட்டுத்தான் மிதிச்சேன்."

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "அது உனக்கு மட்டும்தானேம்மா தெரியும்?"

ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாக்கியமே அவளைக் குத்திக்கொண்டு வந்தது.

புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பஸ் டிப்போவுக்கு நடந்தே போனாள். மேலாளர் அறையில் கோப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் கேட்டுக்கொண்டே பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"மூணு வாரம் கழிச்சு வந்து சொல்றீங்க. இது என்ன ஆகும்னு தெரியுமா? உங்கமேல திரும்பும்."

"தெரியும் சார்."

"எழுதிக் குடுங்க. பாத்ததைப் பாத்த மாதிரி எழுதுங்க."

எழுதினாள். 'கதவு திறப்பதைப் பார்த்தேன். நிறுத்த நேரமும் இடமும் இருந்தன. நான் நிறுத்தவில்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் அந்த டிரைவர் உட்கார்ந்திருந்தார். வேலை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தினம் வந்து கேட்டுவிட்டுப் போவாராம். அவளை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார்.

"உண்மையை எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

அவர் நன்றி சொல்லவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "இருபத்தேழு வருஷம் ஓட்டறேன். எம் பொண்ணு, 'ஒரு பொம்பளை கையை உடைச்சுட்டீங்களேப்பா'ன்னு கேட்டா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரிக்கு விஷயம் டிப்போவிலிருந்து போய்ச் சேருவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. நின்றபடியே சொன்னாள். கடைக்காரி முழுவதும் கேட்டாள். சத்தம் போடவில்லை.

"கதவைப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"பாத்துட்டு, அன்னைக்கு என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சே."

"மன்னிச்சிடுங்க."

"கை உடைஞ்சதைக்கூட விட்டுடறேன். ரோடுன்னா நடக்கும். என்னைக் கொண்டே ஒரு ஆளோட பிழைப்புல பெருவிரலை வைக்க வச்சியே, அதை என்னால விட முடியாது. இனிமே இந்தப் படி ஏறாதே."

புகார் அவள்மேல் திரும்பும் என்று சின்னவள் காத்திருந்தாள். இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். கடைக்காரி வழக்குத் தொடரவில்லை; தான் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்று மட்டும் தெரிந்தது. டிரைவருக்கு, நிறுத்தத்துக்கு வெளியே கதவைத் திறந்ததற்கு ஓர் எச்சரிக்கை; ஆறாவது வாரம் வேலை திரும்பக் கிடைத்தது. வேறு வழித்தடத்தில் போட்டுவிட்டார்கள். அவரை அவள் அப்புறம் பார்க்கவே இல்லை.

"எல்லாத்தையும் விட்டுட்டு எங்க வீட்டுப் பக்கமே வந்துடேன்" என்று அக்கா கூப்பிட்டாள். சின்னவள் போகவில்லை. இரண்டு மாதம் சைக்கிள் அறையிலேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் காற்றடித்துக் கீழே இறக்கினாள். பழைய வேகம் காலில் இருந்தது, மனசில் இல்லை. கடைவீதி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். லேபுக்குப் பத்து நிமிடம் தாமதமாயிற்று. பொறுப்பாளர் காரணம் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர், "சரி, பத்து நிமிஷம் பிந்தி வா, பத்து நிமிஷம் பிந்திப் போ" என்றார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், பெரிய ரோட்டை வெட்டிப்போட்டிருந்ததால் பின்தெரு வழியே தள்ளிக்கொண்டு வந்தாள். முடி திருத்தும் கடை திறந்திருந்தது. கடைக்காரி தானே வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டு இல்லை. ஆனால் நாலு வெட்டுக்கு ஒரு தடவை கத்தரியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மடக்கிக்கொண்டாள். கண்ணாடியில் சின்னவள் தெரிந்திருக்க வேண்டும். கை ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. வாடிக்கையாளரிடம், "தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க" என்று சொல்வது மட்டும் வெளியே கேட்டது.

சின்னவள் அங்கே நிற்காமல் நடந்தாள். தெருமுனை வந்த பிறகும் அவளுக்கு ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.