மாமன் மடியில் ஒரு ரத்தப் பரிசோதனை

இந்த வாரம் ஒற்றுத்தாள் இல்லாமல் எழுதுகிறேன். காகிதமெல்லாம் மை ஈஷிக் கிடக்கிறது. அச்சுக் கோப்பவர் என்னைத் திட்டினால் நியாயம்தான்... என் ஒற்றுத்தாள் கொல்லிமலையில் ரத்தம் ஒற்றப் போய்விட்டது!

பயந்துவிடாதீர்கள். கொலை இல்லை, வைத்தியம்.

என் டாக்டர் நண்பர் அங்கே சோளக்காடு என்ற மலைக் கிராமத்தில் முகாம் போட்டிருந்தார். 'மலைக்காற்று வாங்கலாம், வாரும்' என்று அழைத்தார். காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ். அதற்குமேல் நடை. போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கவே நேரம் போதவில்லை, காற்றை எங்கே வாங்குவது?

அன்று முதல் ஆளாக வந்தவர் பெரியண்ணன். மலைக் குடியானவர். வாசலை அடைக்கிற உடம்பு. கடைவாய்ப் பல் சொத்தையாகி, தாடை வீங்கி, கஞ்சிகூட இறங்கவில்லை. டாக்டர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். உடனே பெரியண்ணனின் மனைவி நல்லம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க டாக்டரய்யா, போன தடவ ஒரு பல்லுப் புடுங்குனதுக்கே ரத்தம் நிக்காம ஊத்துச்சுங்க. ஆளு பொழச்சதே பெரும்பாடுங்க."

டாக்டர் குறட்டைக் கீழே வைத்துவிட்டார். பிடுங்காவிட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும். பிடுங்கி ரத்தம் நிற்காவிட்டால்... சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் என்ன ஆகுமோ?

"ரத்தத்தில் பொடிப்பொடியாகத் தட்டுகள் இருக்கின்றன, ஓய். காயம் பட்டால் ஓடிவந்து ஓட்டையை அடைப்பது அவைதாம்" என்று எனக்கு விளக்கினார். "சிலருக்கு எண்ணிப் பார்த்தால் குறைவே இருக்காது. ஆனால் சமயத்துக்கு வேலை செய்யாது. வேலை செய்கிறதா என்று குத்தித்தான் பார்க்கவேண்டும்."

குத்துவது எங்கே? காது மடலில். சின்னக் குத்து. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தாளால் ஒற்றவேண்டும். தாளில் விழும் ரத்தப் பொட்டு சிறுத்துக்கொண்டே வந்து நின்றுவிட்டால் பல்லைப் பிடுங்கலாம். அவரிடமிருந்த தாள் மழையில் ஊறிவிட்டது. அப்படித்தான் என் ஒற்றுத்தாள் அகப்பட்டுக்கொண்டது.

எல்லாம் தயார். பெரியண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்!

"காதுல ஊசி படோணும்னா மாமன் மடி வேணுமுங்க. மடியில்லாமக் குத்துனா ரத்தம் நிக்காதுங்க."

அது குழந்தைக்குக் காது குத்தும்போது அல்லவா! இவருக்குப் பேரன் இருக்கிறான். விரலில் குத்தினால் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். முறைத்தார். "புத்தகத்தில் காது என்றுதான் போட்டிருக்கிறது!"

ஆக, ஒருவருக்கு மாமன் சம்பிரதாயம். இன்னொருவருக்குப் புத்தகச் சம்பிரதாயம். நடுவில் வீங்கிய தாடை.

தாய்மாமன் சடையன் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், அரியூர் நாட்டில். ஆனால் மாமனும் மருமகனும் பேசிப் பல வருஷமாகிறதாம். சண்டை எதற்கு? மிளகுக் கொடி வேர்விட்டது மாமன் நிலத்தில். அது ஏறிப் படர்ந்த பலாமரம் மருமகன் நிலத்தில். மிளகு யாருக்கு? நீங்களே சொல்லுங்கள், பார்ப்போம்!

நல்லம்மா அரியூர்ப் பாதைக்குத் திரும்பினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை மாமனோடு வந்து நின்றாள். நான் மீசை நரைத்த கிழவரை எதிர்பார்த்தேன். வந்தவரோ மருமகனைவிட வயதில் இளையவர்! பெரியண்ணனின் அம்மாவுக்குக் கடைக்குட்டித் தம்பியாம். ஒல்லிக்குச்சி உடம்பு. கையில் மாமன் சீராக ஒரு சேவலும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

"நான் பேச வரலீங்க" என்றார், டாக்டரைப் பார்த்து. "மடி குடுக்கத்தான் வந்தேன். என் உரிமைய வேற எவனாச்சும் எடுத்துக்கிட்டா?"

பெரியண்ணன் கூச்சத்தோடு போய் உட்கார்ந்தார். மாமன் பாதி மறைந்துபோனார். சிரிப்பை அடக்க நான் கடிகாரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டேன்.

குத்தியாயிற்று. முதல் பொட்டு, பெரிய குங்குமப் பொட்டு. அடுத்ததும் அதே அளவு. அதற்கடுத்ததும்... சிறுக்கவில்லை. டாக்டரின் நெற்றி வேர்த்தது. நல்லம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அரை நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது, ஐயா!

"மாப்ளே... தலைகீது சுத்துதா?"

மாமன்தான்! பேச வராத மாமன்.

"இல்லீங்க மாமா. உங்க தொடைதானுங்க நடுங்குது."

"கனம்டா! கல்லாட்டம் கனக்குற!" என்றார். ஆனால் கண் கலங்கியிருந்தது. பிடித்த கையை அவர் விடவில்லை.

அடுத்த பொட்டு கடுகளவு. அதற்கடுத்த முறை தாள் வெள்ளையாகவே வந்தது. "நின்றுவிட்டது!" என்று கத்தியது டாக்டர் இல்லை, நான்.

அன்றே பல்லைப் பிடுங்கினார் டாக்டர். ரத்தம் ஒழுங்காக நின்றது. பஞ்சைக் கடித்தபடி படுத்திருந்த மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் ராகிக் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார் மாமன். புறப்படும்போது மட்டும் வாசலில் நின்று, "மொளகுப் பேச்சு வேற, இது வேற. மொளகு எனக்குத்தான்!" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மாமன் மடியால் ரத்தம் நின்றதாகப் பெரியண்ணன் சொல்கிறார். தட்டுகளால் நின்றதாக டாக்டர் சொல்கிறார். சேவலைச் சாப்பிட்டதால் நான் இருவர் பக்கமும்.

குறட்டைக் கழுவிக்கொண்டே டாக்டர் என்னைக் கேட்டார்: "உமக்குத் தாய்மாமன் உண்டா, ஓய்?"

"மூன்று பேர்."

"ஆபத்து என்றால் ஓடி வருவார்களா?"

எனக்கு அவர் சொன்ன தட்டுகள் ஞாபகம் வந்தன.

"எண்ணிக்கைக்குக் குறைவில்லை, டாக்டர்."