சலங்கைச் சத்தம் இல்லாத பாட்டு

2009இல் எட்மண்டனில் நான் போன் கடை வைத்திருந்தபோது, தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கும் ஒருவர் சீடியோடு வந்தார். பேசும்போதும் விரல்கள் மேசையில் தாளம் போட்டன.

“தம்பி, இதில இருக்கிற பாட்டை எம்பி3யாச் சுருக்கிப் போனில ஏத்தினன். சலங்கைச் சத்தம் இல்லாமப் போட்டுது.”

அதிகம் சுருக்காமல் மறுபடி ஏற்றி, நல்ல இயர்போனும் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். “இப்பவும் இல்லை.”

நான் வாங்கிக் கேட்டேன். சலங்கை தெளிவாக ஒலித்தது. அவருடைய பழைய கோப்பிலும் ஒலித்தது.

“எனக்குக் கேக்குது, அண்ணை.”

விரல்கள் நின்றன. முகம் வெளிறிவிட்டது.

“பாடற்குழுவில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்” என்றார். பிறகு, “அது எப்பிடிக் கேக்குது? வாயால செய்து காட்டும்.”

“ஜில்... ஜில்...” என்றேன்.

அவ்வளவு பயத்தோடு என்னை வேறு யாரும் கவனித்துக் கேட்டதில்லை.