அப்பாவின்ர ஊதாச் சேட்டு

எங்கட அம்மா விடிய நாலரைக்கே வேலைக்கு வெளிக்கிட்டிடுவா. ஒபிசுகள் திறக்க முன்னம் கூட்டித் துடைக்கிற வேலை. அதாலதான் பத்து வயசில பாலே பள்ளிக்கூடத்தில சேர்ந்த நாளில இருந்து என்ர கொண்டையைக் கட்டினது அப்பா. இதைச் சொன்னால் எங்கட ஆக்கள் இப்பவும் நம்பாயினம். "ஆம்பிளை கொண்டை கட்டுறதோ, விசர்க்கதை கதையாதை" எண்டுவினம். விசர்க்கதை இல்லை. இத்தாலியில, பலெர்மோவில அந்த நடனப் பள்ளிக்கூடத்தில படிச்ச எட்டு வருசத்தில என்ர கொண்டை ஒரு நாளும் அவிழ்ந்ததில்லை. முதல் கிழமையைத் தவிர.

அப்பாவுக்குப் பக்கத்து ஊர் பகேரியாவில ஒரு வயசான சிஞ்ஞோராவின்ர, அதுதான் ஒரு இத்தாலிக்கார அம்மாவின்ர, பழைய வில்லாவில வேலை. சமையல், துடைக்கிறது, உடுப்பு அயன் பிடிச்சு மினுக்கிறது, பொத்தான் தைக்கிறது, எல்லாம் அவர்தான். எட்டு மணி ரெயினைப் பிடிக்க வேணும். அதுக்கு முன்னம் என்னைக் கதிரையில இருத்தி, ஃபோனை யன்னலில சாத்தி வைச்சு, வீடியோ பாத்துப் பாத்துக் கட்டுவார். அந்த முதல் கிழமை முழுக்க மத்தியானத்துக்கிடையில கொண்டை கழுத்துக்கு இறங்கிடும். பேந்து திடீரெண்டு கை திருந்திவிட்டுது. எப்பிடியெண்டு கேட்டால் சிரிப்பார். சிஞ்ஞோரா மத்தியானம் படுத்தாப்பிறகு, நிலம் துடைக்கப் புதுசா வாங்கின மொப்பைத் தலைகீழா நிறுத்தி, அதின்ர நூலில கொண்டை கட்டிப் பழகினவராம். ஒரு நாள் சிஞ்ஞோரா எழும்பி வந்து பாத்திட்டு, "வடிவாத்தான் இருக்கு, ஆனால் நிலம் இன்னும் துடைக்கேல்லை" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போய்ப் படுத்திட்டாவாம்.

"பிள்ளை, தலையை ஆட்டாதை." ஒவ்வொரு விடியவும் இதுதான் எனக்குக் கிடைக்கிற முதல் வார்த்தை. வாயில நாலு கொண்டை ஊசியைக் கவ்விக்கொண்டு சொல்லுவார். ஊசி, வலை, றப்பர் எல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள்ள இருக்கும். எனக்கு நித்திரை தூங்கும், கோவம் வரும், "கெதியாக் கட்டுங்கோ அப்பா" எண்டு கத்துவன். எனக்கு மூக்குக்கு மேல கோவம், அது எல்லாருக்கும் தெரியும். அவர் கட்டி முடிச்சு, உள்ளங்கையால உச்சியில ஒருக்காத் தட்டுவார். தட்டினால் முடிஞ்சுது, போகலாம் எண்டு அர்த்தம்.

எங்கட வீடு அல்பெர்கேரியாவில. காலமை மற்றப் பள்ளிக்கூடம், மத்தியானம் பல்லரோச் சந்தைக்குள்ளால நடந்து பாலே பள்ளிக்கூடம். மீன் விக்கிறவங்கள் என்ர கொண்டையைக் கண்டால் கத்தியை வைச்சிட்டு ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டுவாங்கள். பாலே பள்ளிக்கூடத்தில பின்னேரம் ஏழு மணி மட்டும் வகுப்பு. சுவரோட போற தடியைப் பிடிச்சுக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்த்துறதிலதான் முதல் ரெண்டு வருசமும் போச்சு. பிறகு விரல் நுனியில நிண்டு ஆடுற முனைச் சப்பாத்து. பெருவிரல் நகம் கறுத்துக் கழரும். ஆம்பிளைப் பெடியள் உட்பட எல்லாரும் ஒரு மூலையில குந்தி இருந்து காலுக்கு பிளாஸ்ரர் ஒட்டுவம், ஆரின்ர காயம் பெரிசு எண்டு போட்டி வைப்பம். சரியான முசுப்பாத்தி. அந்த வேர்வை மணமும், சுருதி விட்ட பியானோவும், எங்களுக்குப் படிப்பிச்ச மேஸ்த்ரா பெரிய குரலில எண்ணுறதும் இண்டைக்கும் எனக்கு நல்ல விருப்பம்.

சுத்திறதுதான் எனக்குக் கஸ்டமா இருந்தது. சுத்தேக்க தலை கிறுகிறுக்காமல் இருக்க ஒரு இடத்தைக் கண்ணால பிடிக்க வேணும். உடம்பு சுத்தும், கண் அங்கைதான் நிக்கும். கடைசியாத்தான் தலை வெடுக்கெண்டு திரும்பி, பழையபடி அதே இடத்தில போய் நிக்க வேணும். பிடிச்ச பொருள் அசைஞ்சால் போச்சு, விழவேண்டியதுதான். நான் பிடிச்சது கதவுக்கு மேல கொழுவியிருந்த மணிக்கூடு. எட்டு வருசம் அந்த மணிக்கூட்டைத்தான் பாத்தன்.

இவ்வளவுக்கும் அப்பா நான் ஆடி ஒரு தரமும் பாத்ததில்லை. எங்கட மேடை நிகழ்ச்சியள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில வரும். ஞாயிறெண்டால் சிஞ்ஞோராவின்ர பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாம் வில்லாவுக்குச் சாப்பிட வருவினம், அப்பா இல்லாமல் ஒண்டும் நடவாது. அம்மா வருவா, எங்கட கத்தோலிக்கக் கோயில் ஆக்களையும் கூட்டிக்கொண்டு. "பெட்டை எலும்பா இருக்கு, சாப்பாடு குடுக்கிறேல்லையோ" எண்டு அவையள் கேட்பினம். அம்மா ஃபோனில எடுக்கிற வீடியோவில முன்னுக்கு இருக்கிறவற்ற மொட்டைத் தலை அரைவாசி, அம்மாவின்ர விரல் மிச்சம். அப்பா அதை ரெயினில போட்டுப் போட்டுப் பாப்பார். "இந்த மூலையில தெரியிற கால் உன்ரதோ?" எண்டு கேட்பார். அது வேற ஆரினதோ காலா இருக்கும். ஓம் எண்டு சொல்லிவிடுவன்.

கடைசி வருசம் எனக்கு ஒண்டரை நிமிசத் தனி ஆட்டம் தந்தவை. வெளியூரில இருந்து ஆட்டக் குழுக்களை நடத்துறவை வந்து பாக்கிற நிகழ்ச்சி அது. அவையளுக்குப் பிடிச்சால் வேலை, இல்லாட்டி எட்டு வருசமும் காத்தோட போச்சு. ஆனி மாசத்து அந்த ஞாயிறுக்கு அப்பா தை மாசமே சிஞ்ஞோராவிட்டை லீவு கேட்டுப்போட்டார். அதோட, என்ர கொண்டையைக் கண்டு பொறாமைப்பட்ட மூண்டு பெட்டையள் கேட்டவை, "உன்ர அப்பா மேடைக்குப் பின்னால வந்து எங்களுக்கும் கட்டிவிடுவாரோ?" எண்டு. வீட்டை வந்து சொன்னன். அப்பா எழும்பிப் போய்த் தகரத்தைத் திறந்து ஊசியளை எண்ணத் தொடங்கினார். அவ்வளவு சந்தோசம் அவருக்கு.

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேணும். இத்தாலியில தியேட்டருக்குள்ள ஊதா நிறம் ஆகாது. ஒரு நாடா கூட ஆகாது. முந்தி ஈஸ்டருக்கு முன்னம் வாற தவக்காலம் நாற்பது நாளும் தியேட்டருகளைப் பூட்டிவிடுவினமாம், ஆடிப் பிழைக்கிறவை பட்டினி கிடப்பினமாம். குருமார் ஊதா உடுக்கிற காலமெண்டபடியால் ஊதாவைக் கண்டாலே தரித்திரம் எண்டு நம்பிக்கை. கண்டால் உடனே இரும்பைத் தொடவேணும். இது எனக்குப் பதினொரு வயசிலேயே தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்துக் கதை எதையும் நான் வீட்டை கதைக்கிறேல்லை. சொன்னால் ஆருக்கு விளங்கும் எண்டு ஒரு திமிர்.

அண்டைக்குப் பின்னேரம் உடுப்பு மாத்திற அறையில நாங்கள் நாலு பேரும் தலையை விரிச்சுப்போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால இருக்கிறம். கதவு திறந்தது. அப்பா, கையில பிஸ்கற் தகரம், புதுச் சேட்டு. பல்லரோவில தெரிஞ்ச கடையில வாங்கி, மடிப்பு மடிப்பா மினுக்கி, கழுத்து மட்டும் பொத்தான் பூட்டின ஊதாச் சேட்டு. எங்கட கோயில் பீடத்தில தவக்காலத்துக்கு விரிக்கிற அதே ஊதா.

ஒருத்தி கிறீச்சிட்டாள். மற்றவள் பாய்ஞ்சு உடுப்புக் கொழுவுற இரும்புத் தடியைப் பிடிச்சாள். மேஸ்த்ரா எட்டிப் பாத்திட்டு, "கடவுளே!" எண்டு அவவும் தடியைப் பிடிச்சா. அப்பா கதவடியில சிரிச்சபடி நிக்கிறார், ஒண்டும் விளங்கேல்லை. எனக்கு மண்டைக்குள்ள ஏதோ வெடிச்சமாதிரி இருந்தது. "அப்பா, வெளியில போங்கோ! உங்களுக்கு ஒரு இழவும் தெரியாது! இண்டைக்கெண்டு பாத்து வந்து நாசமாக்கிறியள்! போங்கோ!" எண்டு தமிழில கத்தினன். அந்த அறையில தமிழ் தெரிஞ்சது எனக்கும் அவருக்கும் மட்டும்தான். ஆனால் எல்லாருக்கும் விளங்கினது. அவர் தகரத்தை மேசையில மெதுவா வைச்சிட்டு வெளியில போயிட்டார்.

கொண்டையை நானே கட்டினன். இருபது ஊசி குத்தினன்.

மேடையில ஏறேக்க பாத்தன். நாலாவது வரிசையில அம்மா பச்சைச் சீலையோட இருந்தா. பக்கத்துக் கதிரை வெறுமை. அந்த ஒண்டரை நிமிசமும் எனக்கு வடிவா ஞாபகமில்லை. விழேல்லை, அது தெரியும். முடிஞ்ச கையோட, இத்தாலியின்ர வடக்குப் பக்கத்தில இருந்து வந்த ஒரு மனுசி என்னைக் கூப்பிட்டு, புரட்டாதியில இருந்து தங்கட குழுவில வந்து ஆடேலுமோ எண்டு கேட்டா. ஓம் எண்டு சொல்லிப்போட்டு அந்த ஆட்ட உடுப்போடயே பின்வாசலுக்கு ஓடினன்.

அப்பா படியில நிண்டார். ஆனி வெயிலுக்குள்ள, வாசல் காவல்காரன்ர மழைக்கோட்டை வாங்கிக் கழுத்து மட்டும் பூட்டிக்கொண்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு நிண்டார். காவல்காரன் அவருக்கு ஊதாக் கதை முழுக்கச் சொல்லியிருக்கிறான்.

"விழேல்லையே?" எண்டு கேட்டார்.

"இல்லை அப்பா. வீடு பத்து நிமிசம்தானே, போய் மாத்திக்கொண்டு வந்திருக்கலாமே!"

"கண்ணில பட்டுட்டுதே பிள்ளை. தவக்காலத்து நிறம், எனக்கல்லோ தெரிஞ்சிருக்க வேணும். பிறகும் நான் உள்ளுக்கு வந்து, உனக்கு ஏதும் நடந்தால்?"

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தன். "விடு, விடு, நீ விழேல்லைத்தானே" எண்டு சொல்லிக்கொண்டு கோட்டைத் திருப்பிக் குடுக்கப் போயிட்டார்.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு வேலைக்குப் போக முன்னம், விடியப் பூசை முடிய, கோயில் வாசலில வாற போற ஆக்களையெல்லாம் மறிச்சு, "நான் வெளியில நிண்டனான், அதாலதான் பிள்ளை விழாமல் ஆடினவள்" எண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டு நிண்டார். சிரிப்பும் வந்தது, அதைவிட அழுகைதான் கூட வந்தது. ஐஞ்சு மாசம் முன்னமே லீவு கேட்ட மனுசன், பாக்காமல் விட்டதையே தன்ர உதவியெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். நானும் புரட்டாதியில வடக்கை போயிடுவன். கண்டறியாத ஊதாவும் கண்டறியாத சட்டமும் எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சட்டத்தில பிழையில்லை, என்ர வாயிலதான் பிழை.

ஆடி மாசம், பள்ளிக்கூடத்து அலுமாரியை ஒதுக்க வேணும், சாமான் தூக்க வாங்கோ எண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனன். வகுப்பு அறையில ஒருத்தரும் இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்கவெண்டு மணிக்கூட்டையும் கழட்டிப்போட்டினம். நான் பைக்குள்ள இருந்து ஊதாச் சேட்டை எடுத்தன்.

"உதை ஏன் இஞ்சை கொண்டு வந்தனி?" எண்டு பின்னுக்குப் போனார்.

"போடுங்கோ அப்பா. நான் உங்களுக்கு ஆடிக் காட்டப் போறன்."

சேட்டை விரிச்சுப் பாத்தார். "இது ஆர் மினுக்கினது? கொலர் முழுக்கச் சுருக்கம்."

"நான்தான். அப்பா, அண்டைக்குக் கத்தினது பிழை. நீங்கள் பாக்கேல்லை எண்டது என்னைத் தின்னுது. இதைப் போட்டுக்கொண்டு பாருங்கோ."

அப்பா திரும்பி நிண்டு மாத்தினார். சுவரோட இருந்த பழைய இரும்பு ஹீற்றரை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "சரி, ஆடு" எண்டார்.

ஃபோனில பாட்டைப் போட்டன். ஆடினன். கடைசியில எட்டுச் சுத்து. மணிக்கூடு இல்லையே, அவற்ற சேட்டைக் கண்ணால பிடிச்சன். ஒண்டு, ரெண்டு, மூண்டு. நாலாவதில ஊதா இருந்த இடத்தில இல்லை. தொபுக்கெண்டு விழுந்தன்.

"பாத்தியா! பாத்தியா! நான் சொன்னனான்!" எண்டு கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

நிலத்தில இருந்தபடி சிரிச்சன். "ஊதாவில ஒண்டும் இல்லை அப்பா. சுத்தேக்க நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு சுத்தினனான். நீங்கள் அசைஞ்சிட்டியள்."

"நான் அசையேல்லை."

"குனிஞ்சு கண் துடைச்சனீங்கள்."

அப்பா எனக்குப் பக்கத்தில குந்தி இருந்து, கழண்ட ரெண்டு ஊசியைத் தேடி எடுத்து வாயில கவ்வி, கொண்டையைத் திருத்தினார். உள்ளங்கையால உச்சியில ஒருக்காத் தட்டினார்.

"திரும்ப ஆடு" எண்டார். "இனி அசைய மாட்டன்."

இந்தமுறை ஹீற்றரைப் பிடிக்கேல்லை. சுவிசேசம் வாசிக்கேக்க கோயிலில நிக்கிறமாதிரி, ரெண்டு கையையும் முன்னால கோத்துக்கொண்டு நேரா நிண்டார். நான் சுத்தத் தொடங்கினன். ஒவ்வொரு சுத்துக்கும் அந்த ஊதா அதே இடத்தில நிண்டது. மூண்டாவது சுத்திலேயே அவற்ற கண்ணால தண்ணி ஓடத் தொடங்கிவிட்டுது. கன்னத்தால இறங்கி, நான் சுருக்கம் விழ மினுக்கின கொலரில விழுந்தது. எட்டாவது சுத்து முடிஞ்சு நான் நிக்கும்வரைக்கும் அவர் அதைத் துடைக்கேல்லை.