அழிக்கச் சொன்ன வழி

கடைக்காரர் கறுப்பு மைப்புட்டியைத் திறந்து காட்டினார். அந்த வாடை என்னை நாற்பத்தாறாம் வருஷத்து அரியலூர் வீட்டுக்குக் கொண்டுபோனது.

அப்போது சென்னையில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் சொந்த ஊரின் நிலத்தையும் மனிதர்களையும் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். சுண்ணாம்புக்கல் மேடு, ஏரி, கிணறுகள் எல்லாம் பென்சிலால் வரைந்தேன். சேரி மக்களை நாங்கள் நெருங்கவிடாத ஊர்க் கிணற்றைத் தாண்டி, அந்தப் பெண்கள் இரண்டு மைல் தண்ணீருக்கு நடக்கும் வழியையும் வரைந்தேன்.

அப்பா பார்த்துவிட்டார். "இந்த வழிய அழிச்சுடு. ஊரு மானம் போயிடும்."

"முடியாதுங்கப்பா. அவங்ககூட நடந்து அளந்துட்டு வந்தேன்."

"அப்ப காலேஜ் வேணாம். பொம்பளப் புள்ள வூட்டுலயே இரு."

அவர் கண்ணெதிரே அந்தக் கோட்டின் மேல் மையால் வரைந்தேன். மறுநாள் தனியாக ரயிலேறினேன்.

அப்பா மூன்று வருஷம் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று கடையில் நின்றபோதும் கேட்கத் தோன்றவில்லை.