வால்வுக்கு இரண்டு பூட்டு

வால்வின் பூட்டை இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒரு தட்டும் தட்டிவிட்டுத்தான், சாயப்பட்டறையில் எல்லோரும் 'பூட்டக்கா' என்று கூப்பிடும் அக்கா தன் சாயத்தொட்டிப் பக்கம் போவார். சுத்திகரிக்காத சாயத்தண்ணீரை நேராக ஆற்றில் விடும் பழைய குழாயின் வால்வு அது. வெள்ளம் வந்தால் வேண்டும் என்று நிர்வாகம் குழாயை அடைக்க மறுத்ததால், வால்வில் இரண்டு பூட்டுகள். ஒன்று நிர்வாகத்துடையது. இன்னொன்று சங்கத்துடையது, அதன் சாவி சங்கச் செயலாளரான அக்காவின் இடுப்பில்.

நகக்கண்ணெல்லாம் நீலம். குரலோ, இயந்திர இரைச்சலையும் தாண்டி வாசல்வரை கேட்கும். தன்னடக்கம் அவருக்கு ஒத்துவராத சரக்கு. வேலைநிறுத்தத்தில் ஜெயித்த கதையை, கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"ஆறு வேணுமா, கூலி வேணுமான்னாங்க. ரெண்டு கண்ணுல எது வேணும்னு கேக்கற மாதிரி! தண்ணி கெட்டா வேலை நிக்கணும், வேலை நின்னா கூலி நிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டோம்ல!"

அக்காவைப் பார்க்க நான் பட்டறைக்குப் போயிருந்த அன்று சுத்திகரிப்பு இயந்திரம் படுத்துவிட்டது. மேலாளர் அடித்துப் பிடித்து ஓடிவந்தார். மாலைக்குள் சரக்கு போயாக வேண்டும்.

"கொஞ்ச நேரம் தொறந்து விடுங்கம்மா. இன்னைக்கு எல்லாருக்கும் ரெட்டைக் கூலி."

ரெட்டைக் கூலி என்றால் சும்மாவா? முதலில் வாய் திறந்தது அக்காவின் சொந்தக் கொழுந்தன்.

"ஒரு நாள்தானே அண்ணி? பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும்."

நான் அக்காவைப் பார்த்தேன். இன்று சொந்த ஆட்களே திறந்துவிட்டால், நாளைக்கு அந்த ஒப்பந்தத்தை யார் மதிப்பார்கள்?

அக்கா திட்டவில்லை. சாவியை எடுத்துக் கொழுந்தனின் கையில் வைத்தார்.

"நீயே தொறப்பா. ஆத்தங்கரையிலதான உன் மாமியார் வீடு? ஒரு போன் போட்டு, குடம் எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டுத் தொற."

எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தனார் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேராகப் போய்த் தன் தொட்டியின் சுவிட்சை அணைத்தார். பக்கத்துத் தொட்டிக்காரர் அணைத்தார். பிறகு அடுத்தவர். வரிசையாக எல்லாம் அடங்கின. ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அந்த மனிதர்களோடு நின்றதில் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

மேலாளர் மட்டும் தலையில் கை வைத்து நின்றார். மேலிடத்துக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

"உக்காருங்க சார். மெஷினைச் சரி பண்ணட்டும். இந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு, உங்களுக்கும் சேத்துத்தான் பேசி வச்சிருக்கோம்" என்ற அக்கா, தோள் துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.