சித்தியின் பன்னிரண்டு முகங்கள்

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புறப்பட்டு, ஆட்டோ வருகிறதா என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்த என்னை, அம்மாவின் தங்கையான சித்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுடைய எம்.எட். படிப்புக்கு ஓர் ஆய்வு. பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பிறர் மனம் எவ்வளவு புரிகிறது என்று அளக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் முன் யாரிடமாவது சோதித்துப் பார்க்க வேண்டுமாம். வீட்டில் அகப்பட்ட பதின்மூன்று வயதுக்காரி நான்தான்.

படம் எடுக்கக் கூப்பிட்டால் எல்லோரும் சிரித்து மழுப்பிவிட்டதால், பன்னிரண்டு படங்களிலும் சித்தியே இருந்தாள். முகத்தைப் பார்த்து மனதைச் சொல்ல வேண்டும்.

“ஏட்டி, ஒரு எடத்துல இரி. காலை ஆட்டாத.”

கோபம், பயம், அருவருப்பு என்று மளமளவென்று சொன்னேன். காது வெளியேதான் இருந்தது. இருட்டுவதற்குள் ராட்டினம் ஏற முடியுமா என்று வாசலையே எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசிப் படத்துக்கு, “அழப்போறீங்க” என்றேன். சித்தி பென்சிலால் தவறு போட்டாள்.

“அது சந்தோசம்.”

“இல்ல சித்தி. அழுகைய அடக்கீட்டு இருக்கீங்க.”

“எனக்க மூஞ்சி எனக்குத் தெரியாதா மக்கா? மத்ததெல்லாம் நடிச்சது. சந்தோசம் மட்டும் நடிக்க வரல்ல. அதான் நிச்சயத்தன்னைக்கு எடுத்ததப் போட்டேன்.”

அவளுக்குத் தை மாதம்தான் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. எனக்கோ ஒரு மார்க் போவதைத் தாங்க முடியவில்லை. உதட்டைப் பாருங்கள், தொண்டையைப் பாருங்கள் என்று படத்தைக் குத்திக் குத்திக் காட்டினேன். சித்தி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது.

“சித்தி, மார்க்கு!”

போட்ட குறியை ரப்பரால் அழித்துவிட்டுச் சரி போட்டாள். “நீ சொன்னதுதான் சரி. போ.”

“நீங்க வரல்லியா?”

“எனக்கு எழுத்து வேலை கெடக்கு.”

வழியெல்லாம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று பீற்றிக்கொண்டு போனேன். அம்மா கன்னத்தைக் கிள்ளி, “கெட்டிக்காரி” என்றாள். ராட்டினத்தில் இரண்டு முறை ஏறினேன்.

சித்திரையில் சித்திக்குக் கல்யாணம் நடந்தது. ஆய்வை அவள் முடிக்கவில்லை. மேடையில் படமெடுக்கக் கூட்டமாக நின்றபோது நான் முழங்கையால் அவளை இடித்து, “சிரிங்க சித்தி, அப்பத்தான் படம் நல்லா வரும்” என்றேன். அவளும் சிரித்தாள்.

அழப்போகிற முகம் என்று அத்தனை அடம்பிடித்துச் சொன்ன எனக்கு, எதற்காக அழுகை என்று கேட்க மட்டும் அன்றைக்குத் தோன்றவே இல்லை.